பதினோரு நாள்

காரைக்கால் கோர்ட்டில் வெண்மதியின் பெயரைக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுவது போல அவளுக்குக் கேட்டது. நாலு வருஷமாக வந்து வந்து, வாய்தா என்று கோவில்பத்துக்குத் திரும்பியிருக்கிறாள். இன்றைக்குத்தான் குறுக்கு விசாரணை.

இந்த மாதிரி வழக்கைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரிப்பார்கள். அப்பா முத்தையனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மழை விட்ட வெளிச்சம் ஜன்னலில் பச்சையாக இறங்க, குளத்தின் அடியில் நிற்பது போலிருந்தது. கறுப்பு அங்கிகள் மெல்ல அசைந்தன. எதிரே, அவள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டர் முதலாளி சிவராமன் சலவைச் சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்றிருந்தான்.

"சம்பவம் நடந்து பதினோரு நாள் கழிச்சுப் புகார் குடுத்திருக்கீங்க. அதுவரைக்கும் என்னம்மா பண்ணுனீங்க?" அவன் வக்கீலின் குரல் அன்பாகவே இருந்தது.

என்ன செய்தாள்? குளித்தாள், மறுபடி மறுபடி. அன்று உடுத்தியிருந்த சுடிதாரை அரசலாற்றில் விட்டாள். அது மீனைப் போல் நெளிந்து நெளிந்து கடல் பக்கம் போயிற்று. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவுக்குச் சோறு போட்டாள்.

"வேலைக்குப் போனீங்களா?"

"போனேங்க."

"சிரிச்சுப் பேசுனீங்களாமே?"

"ஸ்கேன் எடுக்க வந்தவங்ககிட்ட சிரிச்சேன். அது என் வேலைங்க."

"அந்தத் துணி எங்க?"

"ஆத்துல விட்டுட்டேன்."

வக்கீல் நீதிபதி அம்மாளைப் பார்த்தார். வெண்மதியும் பார்த்தாள்.

"அம்மா, பதினோரு நாளும் யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். வார்த்தை வரல. வந்த அன்னைக்கே சொல்லிட்டேன்."

நீதிபதி அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டார். தட்டச்சு ஓசை எங்கோ பெய்யும் தூறலாகக் கேட்டது.

அடுத்த வாய்தாவில், சம்பவத்தன்று வெண்மதி அழுதுகொண்டு ஓடியதைப் பார்த்த, ஸ்கேன் சென்டரில் கூட வேலை பார்த்த நௌஷின், "நான் எதையும் பாக்கலங்க" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போனாள். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஆவணியில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை எதிரியான சிவராமனுக்கு அளித்து விடுதலை.

சிவராமனின் கார் போன பிறகும் முத்தையன் கோர்ட் படியிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அந்தப் பதினோரு நாளும் நான் அதே வீட்டுலதானம்மா இருந்தேன்," என்றார். "நீ போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு."

"ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதாம்ப்பா இருந்தேன்."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சென்னையில அப்பீல் போடலாமாம்ப்பா. இன்னும் எத்தன வருஷம் ஆவுமோ."

"நாத்து விட்டாச்சு. நடவ ஒன் சித்தப்பன் பாத்துக்குவான். எப்பப் போகணும், சொல்லு."

தீர்ப்பு நகலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். ஈரக் காற்று முகத்தில் படப் பட, வெண்மதி அப்பாவின் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. முத்தையன் எழுப்பவில்லை. கண்டக்டரைச் சைகையால் கூப்பிட்டு, கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் கேட்டார்.