ஒன்றரை நிமிடம் பிந்தி

அந்த ஞாயிற்றுக்கிழமை ராதாமேஸ் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்:

ராதாமேஸ். அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வீடும் டிவியும் அவனுடையவை. ஆகவே சட்டமும் அவனுடையது.

ஃபௌஸ்தோ. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவன். டொமினிக்கத் தலைநகரத்தில் பிறந்ததால் பேஸ்பாலில் நீல அணி. மஞ்சள் தொப்பிகளுக்கு நடுவே ஒற்றையாக உட்கார்ந்து வாயாலேயே தப்பித்துக்கொள்வான்.

தீர்சோ. என் அக்கா நெரெய்தாவின் கணவர். அதே நாட்டில் சாந்தியாகோ நகரத்துக்காரர், மஞ்சள் அணி. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்.

நான். உறைமீன் கிடங்கில் இரவு வேலை. கல்லூரியில் மூன்று பருவம் படித்துவிட்டு நின்றவன். எல்லோரும் ஆந்தை என்பார்கள். அக்கா வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். காலை ஏழு மணிக்கு நான் சாவி போட்டு உள்ளே வர வேண்டும் என்பதற்காக அந்த வீட்டில் இரவில் கதவுச் சங்கிலி மாட்டுவதில்லை.

குச்சோ அறையில் இல்லை. தீர்சோவின் தம்பி. சாந்தியாகோ மைதானத்தில், மூன்றாம் தளத்துக்குப் பின்னால், கையில் ஃபோனோடு இருந்தான்.

கடைசியாக, ஒரு சோற்றுப் பானை. கனத்த அலுமினியம், மூடி உண்டு.

பானையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராதாமேஸின் டிவிக்கு ஆட்டம் ஒரு திருட்டுப் பெட்டி வழியாக வந்தது. மைதானத்தில் நடப்பது எங்களுக்கு ஒன்றரை நிமிடம் பிந்தித்தான் தெரியும். குச்சோவுக்குப் பொறுமை கிடையாது. ரன் விழுந்த அடுத்த நொடி எங்களில் ஒருவனைக் கூப்பிட்டுக் கத்துவான். திரையில் பந்து வீசுகிறவன் இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருப்பான், எங்களுக்கு முடிவு தெரிந்துவிடும். ஃபோனை எடுக்காவிட்டாலும் பயனில்லை. அது அடித்தாலே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். சென்ற ஆண்டு ஒரு ஆட்டம் முழுக்க இப்படியே நாசமானது. எண்ணை மறைத்துக்கொண்டெல்லாம் அடித்தான். அதற்குப் பிறகுதான் ராதாமேஸ் சட்டம் போட்டான். வாசலில் காலணியைக் கழற்றும்போதே ஃபோனும் பானைக்குள் போய்விட வேண்டும்.

ஊரில் இருந்தபோது நான் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகு பனிக்காலம் முழுக்க வேறு எதையும் பார்த்ததில்லை.

சட்டத்துக்கு ஒரே விலக்கு தீர்சோ. அவருடைய ஃபோன் சட்டைப் பையில் இருக்கும். சிறுநீரகம் கிடைத்தால் பாஸ்டனிலிருந்து கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். மருத்துவமனையில் மூன்று எண்கள் கொடுத்திருந்தார்: அவருடையது, அக்காவுடையது, என்னுடையது. அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி வரை அவள் ஃபோன் அங்கே அலமாரியில் பூட்டிக் கிடக்கும். என்னுடையது பானையில். மருத்துவமனை கொடுத்த தாள் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுக்கவும் என்று அதில் தடித்த எழுத்தில் ஒரு வரி. நான் தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் பால் எடுத்தேன்.

அன்று இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். ஆளுக்கு மூன்று வென்றாகிவிட்டது, இதில் வெல்பவர்களுக்குக் கோப்பை. நான்கு மணிக்குத் தொடங்கியது. வெளியே பனி கொட்டியது. மற்ற மூவரும் பீர் குடித்தோம். தீர்சோவுக்கு ஒரு நாளைக்கு நான்கு சின்னக் குவளைத் தண்ணீர்தான் அனுமதி. ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாவது இன்னிங்ஸில் நான்குக்கு நான்கு. தீர்சோவின் ஃபோன் அடித்தது. அவர் எடுத்தாக வேண்டும், எடுத்தார். குச்சோ. ஒரே சொல்தான் கேட்டிருப்பார், முகம் தொங்கிவிட்டது. அதன் பிறகு ஒன்றரை நிமிடம் நாங்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தோம். பிறகு திரையில் நீல அணிக்காரன் பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். ஐந்துக்கு நான்கு. ஃபௌஸ்தோ மட்டும் கை தட்டினான், அதுவும் பாதியில் நின்றது. இப்படி ஜெயிப்பதில் ருசியே இல்லை என்றான்.

தீர்சோ மன்னிப்புக் கேட்டார். தம்பியின் எண்ணை எங்கள் கண்முன்னாலேயே தடை செய்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் அணி மட்டை பிடிக்க வந்த நேரத்தில், வேறொரு சாந்தியாகோ எண்ணிலிருந்து ஃபோன் அடித்தது. பக்கத்து இருக்கைக்காரனிடம் கடன் வாங்கியிருக்கிறான். தீர்சோ எடுத்த வேகத்தில் வைத்துவிட்டார். ஆனால் அவர் காதில் ஏதோ விழுந்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

ராதாமேஸ் பானையைத் தூக்கிவந்து அவர் முன்னால் நீட்டினான்.

"போடுங்கண்ணே."

"வேற என்ன வேணா கேளு, இத மட்டும் கேக்காத."

"மூணு வருஷமா அடிக்காத ஃபோன் இந்தப் பத்து நிமிஷத்துலயா அடிக்கப்போவுது?"

ஃபௌஸ்தோதான் குறுக்கே வந்தான். "விடுறா. உயிர் சமாச்சாரம். உன் மஞ்சப் பசங்க எப்படியும் தோக்கத்தான் போறானுங்க, அத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா என்ன?"

அறையிலேயே எதிரணிக்காரன் ஒருவன்தான் சரியாகப் பேசினான். நான் கையை நீட்டினேன்.

"எங்கிட்ட குடுங்க மச்சான். சத்தத்த அணைச்சுட்டு கையிலயே வச்சிருக்கேன். ஆஸ்பத்திரின்னா உடனே தரேன்."

அவருக்கு உதவுவதற்காகச் சொல்லவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ் எனக்குக் கெடாமல் வேண்டியிருந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

இரண்டு பேர் அவுட். இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் எங்கள் ஆட்கள். ஆறு நாற்பத்து மூன்றுக்கு ஃபோன் என் உள்ளங்கையில் நடுங்கியது. எண் மறைக்கப்பட்டது என்று காட்டியது. அவர் மருத்துவமனை எண்ணைச் 'சிறுநீரகம்' என்ற பெயரில் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பெயர் வரவில்லை. குச்சோ, என்று நினைத்தேன். வெட்டினேன். ஒரு நிமிடத்தில் மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன். பிறகு எழுந்து ஃபோனைப் பானைக்குள் போட்டு மூடினேன்.

"யாருடா மாப்ள?" தீர்சோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குச்சோதான். நம்பர மறைச்சுக்கிட்டு அடிக்கிறான்."

"அவன் திருந்த மாட்டான்," என்று சிரித்தார்.

அது குச்சோ இல்லை. விடுமுறை நாளில் மருத்துவமனைப் பொறுப்பில் இருந்த பெண் ஒருத்தி தன் வீட்டிலிருந்து, தன் சொந்த ஃபோனில், எண்ணை மறைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு இது பிறகுதான் தெரியும். அந்த நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கியிருந்தது.

எங்கள் ஆள் பந்தை வலப்பக்கம் தட்டினான். மூன்றாம் தளத்துக்காரன் வந்து சேர்ந்தான். பின்னால் வந்தவன் கடைசித் தளத்தைத் தொடுமுன் பிடிபட்டான். ஐந்துக்கு ஐந்து. கூடுதல் இன்னிங்ஸ்.

பானைக்குள் ஃபோன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று அதிர்ந்தால் எல்லாம் கிடுகிடுத்தன, மூடி தடதடவென்று ஆடியது.

"ராதாமேஸ், சோறு கொதிக்குது பாரு," என்றான் ஃபௌஸ்தோ.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பத்தாவது இன்னிங்ஸில் ஒன்றுமில்லை. இடைவேளையில் தீர்சோ பானையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி எண் எதுவும் வரவில்லையே என்று கேட்டார். வரவில்லை என்றேன். நான் போய்ப் பார்க்கவேயில்லை. பார்த்தால் குச்சோ எழுதி அனுப்பியிருப்பது கண்ணில் படும், பதினொன்றாவது இன்னிங்ஸ் கெட்டுப்போகும்.

டிவிக்கு மேலே ஒரு கடிகாரம் இருந்தது. ஏழு இருபதுக்கு அவர் எழுந்து நின்றார். பானைக்கும் நாற்காலிக்கும் நடுவே நின்றுகொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தார். அந்த நேரம் பார்த்து நீல அணிக்காரன் ஒருவன் பந்து வீசும்போதே ஓடி இரண்டாம் தளத்தைத் திருடினான். ராதாமேஸ் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். மறைக்கிறது என்று நானும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்.

மூடி இன்னும் மூன்று முறை ஆடியது. பிறகு ஆடவில்லை. குச்சோவுக்குக் கை வலித்துவிட்டது போல என்று ராதாமேஸ் சொன்னான்.

பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் அணியின் கடைசி ஆட்டக்காரன், பருவம் முழுக்க ஒன்றுக்கும் ஆகாதவன், பந்தை இரண்டு பேருக்கு நடுவே விழ வைத்தான். மூன்றாம் தளத்தில் நின்றவன் நடந்தே வந்து சேர்ந்திருக்கலாம், பந்து அவ்வளவு தூரம் போயிருந்தது. ஆறுக்கு ஐந்து. கோப்பை எங்களுக்கு. ராதாமேஸ் தரையில் மண்டியிட்டான். ஃபௌஸ்தோ நீலத் தொப்பியைக் கழற்றிக் கிண்ணத்தில் இருந்த பனிக்கட்டியின்மேல் வைத்தான். தீர்சோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். எலும்பும் தோலுமான கை. மணி ஏழு ஐம்பத்திரண்டு.

அவர்தான் மூடியைத் திறந்தார்.

பதினொரு அழைப்புகள், எல்லாம் எண் மறைக்கப்பட்டவை. மூன்று குரல் பதிவுகள். அவர் ஒலியைக் கூட்டி வைத்தார், ஏன் என்று தெரியவில்லை. ஒரு பெண் நிதானமான ஸ்பானியத்தில் பேசினாள். உங்களுக்கு ஒரு சிறுநீரகம் வந்திருக்கிறது, எதையும் சாப்பிடாமல் உடனே கூப்பிடுங்கள் என்றாள். இரண்டாவதில் அதையே வேகமாகச் சொன்னாள். மூன்றாவது ஏழு நாற்பத்தைந்துக்கு வந்தது. அது அடுத்தவருக்குப் போகிறது, பட்டியலில் உங்கள் இடம் போகாது, வருந்துகிறேன் என்றாள்.

ராதாமேஸ் டிவியை அணைத்தான். ஃபௌஸ்தோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தன் வண்டியைக் கிளப்பி, எங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்தான்.

தீர்சோ மருத்துவமனை எண் வழியாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். ஃபோனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது என்று சொன்னார். அலட்சியக்காரன் என்று தன்னை ஒதுக்கி வைத்துவிடுவார்களோ என்று பயம். இரண்டு முறை நன்றி சொன்னார். பனியில் ஊர்ந்து வீடு சேர முக்கால் மணி நேரம் ஆனது, அதுவரை வண்டியில் என் பக்கம் திரும்பவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னார்:

"உங்கக்காகிட்ட நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

நெரெய்தா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். வேலை உடுப்போடு, பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். எட்டு மணிக்கு அலமாரியைத் திறந்து ஃபோனைப் பார்த்ததும் மருத்துவமனையோடு பேசிவிட்டாள். சார்ஜ் கதையைத் தீர்சோ சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"சார்ஜ் இல்லாத ஃபோன் அடிக்காது. இது அடிச்சிருக்கு. ரெண்டு தடவை யாரோ கட் பண்ணியிருக்காங்கன்னு அந்தம்மா சொன்னா. ஃபோன் யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதான்," என்றார் தீர்சோ.

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கலாம். அவர் அடித்துச் சத்தியம் செய்திருப்பார். ஆனால் வாரம் மூன்று நாள் அவரை டயாலிசிஸ் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைப்பவள் அவள்.

"என் கையில," என்றேன். "குச்சோன்னு நெனச்சேன்."

அவள் திரும்பி அடுப்பைப் பற்றவைத்தாள். நான் பின்னறையில் போய் இரண்டு சட்டை போட்டு, அதன்மேல் கிடங்கு உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒன்பதரை வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது என் சாப்பாட்டு டப்பா மேசைமேல் இருந்தது. சோறும் அவரையும், எப்போதும் போல. தீர்சோ படுக்கப் போய்விட்டிருந்தார்.

அவள் வாசல் வரை வந்தாள். மற்ற நாட்களில் வரமாட்டாள்.

"ஜெயிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சாங்க."

தலையை ஆட்டினாள். நான் படியில் இறங்கியதும் கதவு சாத்தப்பட்டது. கீழ்ப் பூட்டு விழுந்தது, மேல் பூட்டு விழுந்தது. பனியில் கால் வைக்கப்போகும்போது, சங்கிலியை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டது.