கத்தரிக்காய் வீதி

வேலம்பாளையம் காலனியின் பெரிய சுவரில் என்ன படம் வரைவது என்று கூட்டத்தில் ஒரு மணி நேரமாகச் சண்டை. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ரிஃபானாவுக்குத் தலை வலித்தது. ஒரே மாதிரியான ஐந்து வீதிகளில் தன் வீதி தெரியாமல், புதிதாக வந்த ஒடிசாப் பெண் ஒருத்தி முந்தின நாள் இவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டிருந்தாள்.

“ஏனுங்க, ஒரே சுவத்துல வரையறதுக்குப் பதிலா, வீதி முனைக்கு ஒரு படம் வரைஞ்சா என்னங்க? எழுத்துத் தெரியாதவங்களும் ஊட்டக் கண்டுபுடிச்சுக்கலாமுங்க” என்றாள் ரிஃபானா.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஓவியர் காட்டிய படங்களில் மயில், யானை, மீன், சைக்கிளை மற்ற வீதிக்காரர்கள் முந்திக்கொள்ள, ரிஃபானாவின் வீதிக்குக் கத்தரிக்காய்தான் மிஞ்சியது. முதலில் அவளுக்கு முகம் சுருங்கியது. ஆனால் வீதி முனைச் சுவர் முழுக்கப் பளபளவென்று ஊதா நிறம் ஏறியதும் மனம் மாறிவிட்டது.

மறுவாரம் ஆட்டோக்காரர் வழி கேட்டபோது, “கத்தரிக்காய் வீதிங்க” என்று பெருமையாகவே சொன்னாள்.