மருந்துக்கடைக்காரர் பார்த்த கூடை

எனக்குக் காளான் பிடிக்காது. வாயில் வழுக்கும் அந்தத் தன்மை ஆகாது, அவ்வளவுதான். அக்டோபரில் பிரான்சின் தென்மேற்கே கஸ்கோன் பக்கம் சைக்கிளில் வருகிறவளுக்கு இது பெரிய குறை என்று உடன் வந்த மூன்று பேரும் நான்கு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கணவன் நோர்பெர், அவனோடு பள்ளியில் படித்த ஆன்ஸெல்ம், ஆன்ஸெல்மின் மனைவி கிஸ்லேன். நால்வருமே அறுபதைத் தாண்டியவர்கள். வருடத்தில் ஒரு வாரம் இப்படிப் புறப்படுவோம். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம்.

ரயில் நின்றுபோன பழைய தடம் ஒன்றைச் சைக்கிள் பாதையாக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த திராட்சைக் கொடிகள், நடுநடுவே ஓக் மரக் கூட்டங்கள். ஆன்ஸெல்ம் கண்ணுக்குக் காளான் தப்பாது. முதல் நாளே நோர்பெருக்குப் பாடம் நடத்தினான்.

"பிடுங்கக் கூடாதுய்யா. கத்தியால வெட்டணும். அடி மண்ணுக்குள்ளயே இருந்தாத்தான் அடுத்த வருஷமும் வரும்."

"சரிங்க வாத்தியாரே."

சனிக்கிழமை காலை ஆன்ஸெல்ம் பறித்தவை பலோமே என்ற காளான்கள். பச்சை நிறக் குடை, அதில் காய்ந்த சேறு மாதிரி வெடிப்புகள். கஸ்கோன்காரர்கள் அதற்காகக் காட்டில் சண்டை போடுவார்கள். ஆன்ஸெல்முக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனாலும் கிஸ்லேன் விடவில்லை. வழியில் வந்த சின்ன ஊரில் கூடையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். காட்டில் பறித்த காளானை மருந்துக்கடையில் காட்டிச் சரிபார்ப்பது இந்த நாட்டு வழக்கம். கடைக்காரர் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், மோந்தார், புழு விழுந்த இரண்டைக் குப்பையில் போட்டார்.

"பதினொண்ணு தேறும். தாராளமா சாப்பிடுங்க."

ஆன்ஸெல்ம் வாசலில் நின்று முணுமுணுத்தான். "என்னை நம்ப மாட்டா. வெள்ளைக் கோட்டு போட்டவன் சொன்னா நம்புவா."

"உன்னைக் கட்டிக்கிறப்போ மருந்துக்கடையில காட்டாம விட்டுட்டேன். அதுல கத்துக்கிட்ட புத்தி," என்றாள் கிஸ்லேன்.

அன்று இரவு தங்கிய வீட்டில் கிஸ்லேன் காளானைக் கழுவி நறுக்கினாள். ஆன்ஸெல்ம் வெளியே என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். வாத்துக் கொழுப்பில் பூண்டோடு வதக்கி மூவரும் சாப்பிட்டார்கள். ஆன்ஸெல்ம் ரொட்டியால் வாணலியைத் துடைத்துத் தின்றான். நான் முட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டரைக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கிஸ்லேன் சொன்னாள்:

"அந்த மருந்துக்கடைக்காரருக்கு எண்ணத் தெரியல. பதினொண்ணுன்னாரு. நான் கழுவினது பதினாறு."

நோர்பெர் சிரித்தான். "அஞ்சு என்னோடது. சாயங்காலம் நீங்க பெஞ்சுல படுத்துக் கிடந்தீங்களே, அப்போ பறிச்சேன். அதே பச்சை. நானும் ஏதாவது செய்ய வேணாமா?"

"யார்கிட்ட காட்டின?" என்று ஆன்ஸெல்ம் கேட்டான்.

"யார்கிட்டயும் இல்ல. கூடையிலதான் போட்டேன். கூடையைத்தான் அவர் பார்த்துட்டாரே."

ஆன்ஸெல்ம் கையிலிருந்த ரொட்டியை மேசைமேல் வைத்தான். ஐம்பது வருடமாக அவனை அறிந்தவன் நோர்பெர். அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"தண்டு எப்படி இருந்துச்சு? அடியில பை மாதிரி ஏதாவது?"

"தண்டை நான் ஏன் பாக்கறேன்? மேலாக வெட்டிட்டேன். வெட்டித்தானே எடுக்கணும்? நீதானே சொன்ன?"

விஷயம் நால்வருக்கும் தெரியும், காளான் தொடாத எனக்கும் தெரியும். விஷக்காளான்களில் மிக மோசமானதும் ஓக் மரத்தடியில்தான் முளைக்கும், அதன் குடையும் பச்சைதான். பிரித்துச் சொல்லும் அடையாளம் அடியில் இருக்கும் வெள்ளைப் பை. அது மண்ணுக்குள் புதைந்திருக்கும்.

"எனக்கு அஞ்சு மணியிலேருந்து வயிறு சரியில்ல. வாத்துக் கொழுப்புன்னு நெனச்சேன்," என்றாள் கிஸ்லேன் மெதுவாக.

விஷ முறிவு மையத்துக்கு நான்தான் போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு பெண். அவசரமில்லாத குரல்.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு."

"வயித்து வலி?"

"ஒருத்தருக்கு. காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சிருக்கு."

"சாப்பிட்ட ஒரு மணி நேரத்துலயே வலிச்சிருந்தா எனக்கு இவ்வளவு கவலை இருக்காது மேடம். லேட்டா ஆரம்பிக்கிறதுதான் ஆபத்தான வகை," என்றாள் அவள். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன். முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். தோல், மிச்சம் மீதி ஏதாவது இருக்கா?"

இல்லை. தோலை எல்லாம் ஆன்ஸெல்ம் அடுப்பில் போட்டிருந்தான்.

"பறிச்ச இடத்துல தண்டு நிக்குமே. சாப்பிடாதவங்க யாராவது போய் எடுத்துட்டு வர முடியுமா? காகிதப் பையில போடுங்க, பிளாஸ்டிக் வேணாம். எது இருந்தாலும் டாக்டர்கள் வைத்தியத்தை ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா தெரிஞ்சுட்டா நல்லது."

சாப்பிடாதவள் நான் ஒருத்திதான்.

நோர்பெர் ரொட்டி வந்த காகித உறையின் பின்பக்கத்தில் வழி வரைந்து தந்தான். லெவல் கிராசிங் காவலாளியின் பழைய வீடு, அதைத் தாண்டி ஒரு பெஞ்சு, அதற்குப் பின்னால் இரட்டையாகப் பிரிந்த ஓக். கோடுகள் நேராக இருந்தன. அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

"ஓடில்," என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "கெடச்சா சாயங்காலத்துக்கும் சேர்த்து எடுத்துட்டு வா."

முந்தின நாள் அந்த ஆறு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடந்திருந்தோம். கொடியில் விட்டுப்போன திராட்சையைத் தின்றோம், ஒரு கழுதையோடு பேசினோம். இன்று அதே பாதை. அதே கழுதை வேலியோரம் நின்றது. பிழிந்த திராட்சைச் சக்கையின் புளித்த வாடை எங்கும் இருந்தது. மூச்சு வாங்கியபோது அந்த வாடை தொண்டைக்குள் இறங்கிக் குமட்டியது. உடனே, நானும் எதையாவது தின்றுவிட்டேனா என்று ஒரு பயம். முட்டையை அதே வாணலியில்தான் பொரித்தார்களா? இல்லை, முதலில் முட்டை. இல்லை, வேறு வாணலி. மிதித்துக்கொண்டே அதை நாலைந்து தடவை யோசித்தேன். அவர்கள் மூவரும் அங்கே கிடக்க, நான் என்னைப் பற்றி யோசித்தேன் என்பதை இப்போது எழுதும்போது மறைக்க விரும்பவில்லை.

பெஞ்சு இருந்தது, ஓக்கும் இருந்தது. தரை முழுக்க ஒரே நிறத்தில் சருகு. முழங்காலிட்டுக் கையால் தடவினேன். போன் அடித்தது. நோர்பெர்தான், ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து.

"பாத்துட்டியா?"

"தேடறேன். மரத்துக்கு எந்தப் பக்கம்?"

"பாதையைப் பாத்த பக்கம். மூணு ஒண்ணா, ரெண்டு கொஞ்சம் தள்ளி." பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. "கிஸ்லேன்," என்றான். "எனக்கு ஒண்ணும் இல்ல."

முதல் மூன்று தண்டுகள் கிடைத்தன. வெட்டிய முகம் பழுப்பேறியிருந்தது. ஒன்றை எடுத்து ஒடித்தேன். சாக்பீஸ் மாதிரி பொட்டென்று உடைந்தது. பலோமே அப்படித்தான் உடையும் என்று ஆன்ஸெல்ம் நாலு நாளாகச் சொல்லி அலுத்திருந்தான். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும்.

"மூணும் நல்லது," என்று போனில் சொன்னேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"சொன்னேன்ல? மீதி ரெண்டு?"

இரண்டடி தள்ளி இருந்தன. தொட்டதுமே தெரிந்தது. ஒடித்தால் உடையாமல் நாராக வளைந்தது. பாவாடை மாதிரி ஒரு மெல்லிய வளையம் தண்டைச் சுற்றித் தொங்கியது. டயர் கழற்றும் நெம்புகோலால் சுற்றி மண்ணைக் கிளறினேன். பாதி உடைந்த முட்டை ஓடு போல வெள்ளையாக ஒன்று வெளியே வந்தது. தண்டு அதற்குள் நின்றது.

"ஓடில்? மீதி ரெண்டு என்ன ஆச்சு?"

"கொண்டு வர்றேன்," என்றேன்.

அவன் "மெதுவா வா. ரோட்டுல வண்டியைப் பாத்து வா," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சாலையில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வேனை நிறுத்தினார். சைக்கிளை அங்கேயே வேலியில் சாய்த்துவிட்டு ஏறினேன். மடியில் காகிதப் பை. "காளானா?" என்று ஆசையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரை வாயைத் திறக்கவில்லை. வேகமாக மட்டும் ஓட்டினார்.

டாக்டர் லாகோம்ப் என் மகள் வயதுப் பெண். பையைப் பிரித்து விளக்கடியில் பார்த்தார். "இதேதான்," என்றார். மூவருக்கும் முன்பே சொட்டு மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். என்னை நடைபாதையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மேடம். நாளைக்கு மூணு பேரும் நல்லா இருப்பாங்க. வாந்தி நின்னுடும், பசிக்குதும்பாங்க, வீட்டுக்குப் போறோம்பாங்க. நம்பாதீங்க. அப்போதான் ஈரல் அடி வாங்கிட்டிருக்கும். ரத்தப் பரிசோதனையில ஈரல் எண் எப்படிப் போகுதுன்னு மூணாம் நாள் பாத்தாத்தான் தெரியும்."

"அவங்ககிட்ட சொல்லணுமா?"

"கேட்டா நாங்க மறைக்க மாட்டோம்."

என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஞாயிறு முழுவதும் மூவரும் மாறி மாறி வாந்தி எடுத்தார்கள். அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது.

திங்கள்கிழமைதான் தாங்க முடியாதது. டாக்டர் சொன்னபடியே நடந்தது. நோர்பெர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான். ஆன்ஸெல்ம் சவரம் செய்துகொண்டான். கிஸ்லேன் தலை வாரிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றிக் குறை சொன்னாள். மதியம் நோர்பெர் போர்வைமேல் வரைபடத்தை விரித்தான்.

"புதன்கிழமை கெளம்பினாக்கூட நதி வரைக்கும் போயிடலாம். என்ன சொல்ற?"

"நீ சமையல்கட்டுப் பக்கம் வரக் கூடாது," என்றான் ஆன்ஸெல்ம். "அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டா நான் வர்றேன்."

"சாப்பாட்டை ஓடில் முதல்ல தின்னு பாப்பா. அவதான் நம்ம மருந்துக்கடை."

நான் சிரித்தேன். அன்று அவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்தேன். நோர்பெரின் கன்னத்தில் செம்மை திரும்பியிருந்தது, கண் தெளிவாக இருந்தது. அவன் எவ்வளவு நன்றாக இருந்தானோ அவ்வளவுக்கு எனக்குப் பயம் கூடியது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தட்டுகிறதா என்று, தலையணையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து குனிந்து பார்த்தேன்.

செவ்வாய்க் காலை டாக்டர் லாகோம்ப் மூன்று தாள்களோடு வந்தார். உட்காரவில்லை.

"ஐயா உங்களுக்கு எண் நேத்தைவிடக் குறைஞ்சிருக்கு," என்றார் நோர்பெரிடம். ஆன்ஸெல்மைப் பார்த்து, "உங்களுக்கும் ஏறுறது நின்னுடுச்சு." பிறகு கிஸ்லேன் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. டுலூஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். மாத்து ஈரல் வைக்கிற வசதி அங்கதான் இருக்கு. தேவைப்படாமலும் போகலாம்."

கிஸ்லேன்தான் குறைவாகச் சாப்பிட்டவள். யார் தட்டில் எந்தத் துண்டு விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

தள்ளுகட்டில் வந்தது. நோர்பெர் சொட்டு மருந்துக் கம்பியை இழுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றான்.

"கிஸ்லேன், அந்த அஞ்சையும் நான்தான்..."

"கழுவினது நான், நறுக்கினது நான். பதினாறுன்னு எண்ணிட்டு வாயைத் திறக்காம இருந்ததும் நான். நீ போய்ப் படு, உன் பைஜாமா கழண்டு விழுது."

கட்டில் போய்விட்டது. ஆன்ஸெல்ம் கூடப் போக வேண்டும் என்று நர்ஸிடம் சண்டை போட்டுத் தோற்றான். நோர்பெர் படுக்கையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதான்.

"ரெண்டாம் நாள் கதை எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்," என்றான் என்னிடம். "நர்ஸ்கிட்ட கேட்டேன். பொய்யாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நேத்து நீ என் ஜோக்குக்கெல்லாம் சிரிச்சியே, அப்போதான் நிஜம்னு புரிஞ்சது."

புதன் முழுக்க டுலூஸிலிருந்து தகவல் இல்லை. வியாழன் காலை பதினோரு மணிக்கு ஆன்ஸெல்மின் போன் அடித்தது. அவன் திரையைப் பார்த்தான், எடுக்கவில்லை. என் கையில் திணித்தான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கிஸ்லேன்தான் பேசினாள். குரல் மெலிந்திருந்தது.

நான் கேட்டுவிட்டு நிமிர்ந்தேன். "எறங்குதாம்," என்றேன்.

"எண்ணா? இல்ல, நல்லா இருக்கற மாதிரி இருக்குன்னு அவளா சொல்றாளா?" என்று நோர்பெர் கேட்டான்.

"எண்தான்," என்றேன். "தாளைக் கையில வச்சுக்கிட்டுப் படிக்கிறா."

ஆன்ஸெல்ம் திரும்பாமலே கையை நீட்டினான். போனை அதில் வைத்தேன்.

"படி," என்றான் போனில். "மெதுவாப் படி."