வெட்டியும் நிற்காத மின்சாரம்

நான் பார்த்தது எது, நோரீன் பிறகு சொன்னது எது என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. மார்ச் மாதம் என்றுதான் நினைவு. பிட்ஸ்பர்கில், நாங்கள் மூவரும் வேலை செய்த இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, அழுக்குப் பனி உருகிக்கொண்டிருந்தது. எம்மெட்டின் முனைவர் பட்டத் தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது.

அவன் ஆய்வுரையை எழுதி முடிக்க வேண்டியிருந்ததால், கடைசி அளவீட்டை நோரீன் செய்தாள். இரண்டு ஆக்ஸைடு படிகங்கள் ஒட்டும் இடத்தில் மின்சாரம் ஓடாது. மேலே மின்னழுத்தம் கொடுத்த ஊசிமுனையால் கோடு இழுத்தால், அந்தக் கோட்டில் மட்டும் ஓடும். மின்னழுத்தத்தை மாற்றிப்போட்டு முனையைக் குறுக்கே ஓட்டினால் கோடு அறுந்துவிடும். புதுக் கம்பி வரைந்ததும் ஒருமுறை வெட்டிப் பார்ப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். மின்சாரம் நின்றால்தான் அது கம்பி.

நோரீன் வெட்டினாள். நிற்கவில்லை. இன்னொரு இடத்தில் வெட்டினாள். பிறகு முழுவதையும் அழித்தாள். திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் எண் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது.

படிகம் இருந்த, இருட்டாக இருக்க வேண்டிய பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். இலையுதிர் காலத்தில் எம்மெட் மாட்டிய புது அழுத்தமானியில் கடுகளவு நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படிகம் வெளிச்சத்தைக் குடித்துவிட்டால் கோடே இல்லாமல் நாள்கணக்கில் தானாகவே மின்சாரம் விடும். விளக்கின் மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டு உட்கார்ந்தாள். எண் மெதுவாக, மிக மெதுவாக, இறங்கத் தொடங்கியது.

மதியம் எம்மெட் பியெரோகிக் கொழுக்கட்டைப் பொட்டலத்தோடு வந்தான்.

"என்னம்மா, செத்த வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க?"

"கட்டுரைக்குக் குளிர்காலத்துல வரைஞ்ச கம்பியை வெட்டிப் பாத்தியா?"

"நல்லா ஓடுற கம்பியை எந்தப் பைத்தியக்காரன் வெட்டுவான்? திரும்ப வரைஞ்சா முன்ன மாதிரி வராது, உனக்கே தெரியும்."

அவள் திரையைக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான். பொட்டலத்திலிருந்து வெண்ணெய் கசிந்து மேசையில் பரவியது.

"கட்டுரை வெளியாயிடுச்சு நோரீன். ரெண்டாவது பேரு உன்னோடது."

"தெரியும்."

"கொலராடோவுல வேலை போட்டுக் குடுத்துட்டாங்க. வீட்டைக் காலி பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயத் திறக்காத. அப்புறம் நானே சொல்லிடுறேன்."

அவள் மேசையில் பரவிய வெண்ணெயைத் துடைத்தாள். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தேர்வறையில், தேர்வாளர்களில் ஒருவரான கிழவர் ஹாலெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. வெட்டிப் பாத்தீங்கல்ல?"

"பாத்தோம்," என்றான் எம்மெட். பிறகு நோரீனைத் திரும்பிப் பார்த்தான். ஹாலெக்கும் பார்த்தார்.

மூன்று நாளாக எத்தனையோ வாக்கியங்களை அவள் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆமென்று தலைதான் அசைந்தது. அசைந்த பிறகுதான், அசைத்தது தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

எம்மெட்டுக்குப் பட்டம் கிடைத்தது. கொலராடோவுக்குப் போனான், எதையும் சொல்லவில்லை. பதினோரு மாதம் கழித்து வெளிநாட்டுக் குழு ஒன்று அதே கம்பியை வரைந்து, வெட்டிப் பார்த்து, கட்டுரையில் சொன்ன மின்சாரம் கம்பியில் ஓடியதே இல்லை என்று எழுதியது. எங்கள் பேராசிரியர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டு கூடம் மூடப்பட்டது. எம்மெட் வேலையை இழந்து அண்ணனோடு கூரை வேய்கிறான். ஹாலெக் இறந்துவிட்டார். நோரீன் படிப்பை முடிக்கவில்லை; ஈரி நகரில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறாள்.