தலைவர் வீட்டு மேசை வளர்ந்த விதம்

உலக வரலாற்றின் பெரிய முடிவுகளெல்லாம் ஏதோ ஒரு மேசையைச் சுற்றித்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லைகள் பிரிந்தது மேசையில், போர்கள் ஓய்ந்தது மேசையில், மணிமுடிகள் கைமாறியதும் மேசையில். அந்த வரிசையில் வைக்கத் தகுந்த மேசை ஒன்று எங்கள் தெருவிலும் உண்டு என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒரு கால் ஆடும் என்பதால் அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் எதைப் போட்டு மூடினாலும், விடிவதற்குள் போட்டது பலகைக்கு அடியில் போய்விடும். தேய்ந்த பழைய பரப்பு மேலே வந்து நிற்கும்.

தலைவரின் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போன பிறகுதான் இது ஆரம்பித்தது. "குழந்தைக்குத் தலை நிக்கிற வரைக்கும் இருந்துட்டு வந்துடறேன்" என்று சின்னப் பெட்டி ஒன்றோடு அவள் பஸ் ஏறினாள். தலை நின்றது. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டது. அவள் வரவில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. கேட்டால் "வரேன், வரேன்" என்பாள். தலைவர் இதைச் சங்கக் கூட்டங்களில் தற்காலிக ஏற்பாடு என்று குறிப்பிட்டு வந்தார். கூட்டத்துக்கு வருகிற நாலைந்து பேரும் அவர் வீட்டில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதற்காக வருகிறவர்கள். மறுத்துப் பேச மாட்டார்கள். ராத்திரி கூட்டம் கலைந்தபின் தலைவர் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திவைப்பார். பால்காரருக்காக என்பார். பால் வருவது காலையில்.

தனியாக யோசித்துப் பார்த்ததில் அவருக்குக் காரணம் பிடிபட்டது. இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: "இந்த மேசைக்கு ஏதாவது பண்ணுங்க, பார்க்கச் சகிக்கல." உண்மைதான். அவள் உட்காரும் பக்கத்தில் பாலிஷ் போய், மரம் வெளுத்து, இரண்டு முழங்கை ஊன்றிய இடமும் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. மட்டமான மரம் என்று தலைவர் நினைத்தார். மேசை சரியானால் மனைவி வந்துவிடுவாள் என்று தீர்மானித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, வீட்டில் வேறு யாரும் இல்லாததால்.

புது மேசை வாங்குகிற எண்ணம் அவருக்கு வரவில்லை. சிக்கனம் அவர் கொள்கை. முதலில் பழப்படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வாங்கி நாலு பக்கமும் கிளிப் மாட்டினார். காலையில் ஆப்பிளும் திராட்சையும் பலகைக்கு அடியில் இருந்தன. கிளிப்புகள் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. அடுத்து மார்பிள் மாதிரி ஒட்டுத் தாள். குமிழி வராமல் துணியால் நீவி நீவி ஒட்டினார். அதுவும் கீழே போனது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரத்தூளைக் கூட்டிக் குப்பைக் கூடையில் கொட்டி, வார்னிஷ் அடித்தார். மறுநாள் கூடை காலி. குழிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சங்கத்து இரும்பு கேட்டுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்ட், குளியலறையில் மீந்த டைல்ஸ், ஒரு பழைய கதவு, சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் என்று வருஷங்கள் போயின. கடைசியில் செலவே இல்லாத வழியாக, தன் பாராட்டு விழாவுக்கு அடித்த பேனரை வெட்டி, தன் முகம் நடுவில் வரும்படி விரித்தார். விடிந்தபோது முகமும் அடியில் இருந்தது. எதிர்வீட்டு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மேசைக்கு அண்ணியைத்தான் அடையாளம் தெரியுது, உங்களைத் தெரியல" என்றாள். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் குழாய் ஒழுகும், ஒரு வீட்டில் மேசை மேலே வரும்.

விழுங்கியது எதையும் மேசை கக்கவில்லை. ஒட்டுத் தாளுக்கு ஒரு மயிரிழை, கதவுக்கு நாலு விரல் கனம் என்று உயர்ந்துகொண்டே போனது. நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை தாடையில் இடிக்கும் அளவுக்கு வந்தபோதும் தலைவருக்கு அது சிரமமாகப் படவில்லை. அவர் அதில் சாப்பிட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து டீவிக்கு முன்னால் சாய்வு நாற்காலியில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நடுநடுவே சங்க விஷயமாகப் போன் பேசிக்கொண்டுதான் சாப்பாடு. "வாங்களேன், இங்க வந்து உக்காந்து சாப்பிடுங்களேன்" என்று மேசையிலிருந்து மனைவியின் குரல் வரும். "இதோ வரேன்" என்பார்.

ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு தடவை மனைவிக்குப் போன் போட்டுத் தெரிவிப்பார். "மேசைக்கு மார்பிள் போட்டாச்சு." "மார்பிளா?" "மார்பிள் மாதிரி." "சரி. மாத்திரை போடறீங்களா?" என்பாள். காலையில் அது கீழே போய்விட்ட செய்தியை மட்டும் சொல்ல மாட்டார். ஆகவே அவள் கணக்கில் அந்த வீட்டில் அடுக்கடுக்காகப் புதுப் புது மேசைகள் இருந்தன. அவளுக்கு இடமிருந்ததா என்பது வேறு விஷயம்.

டீவி பழுதாகி ரிப்பேருக்குப் போன வாரம் சாய்வு நாற்காலிக்கு எதிரே வெறும் சுவர் இருந்தது. வேறு வழியில்லாமல் தலைவர் சூப்புக் கிண்ணத்தோடு மேசைக்கு வந்து, மனைவியின் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரிவது ஒன்றுதான்: சாய்வு நாற்காலியின் முதுகு, அதில் அவர் தலை பதிந்த எண்ணெய்க் கறை. முழங்கைகளைக் குழிகளில் வைத்துப் பார்த்தார். குழிகள் சின்னவை, அவர் கை கொள்ளவில்லை. சூப்பில் ஆடை படிகிற வரை அப்படியே இருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"சூப்போட மேசையில வந்து உக்காந்தேன். மேசை அப்படியேதான் இருக்கு" என்றார். "என்ன போட்டாலும் உன் முழங்கை ரெண்டும் மேல வந்துடுது."

அந்தப் பக்கம் குக்கர் சத்தமும் பேரனின் சத்தமும் கேட்டன. "என் பக்கம் சரி. உங்க பக்கம்?"

தலைவர் எழுந்து போய், குனிய வேண்டிய அவசியமில்லாததால் நின்றபடியே பார்த்துவிட்டு வந்தார். "என் பக்கம் தேயவே இல்ல. கடையில வாங்கினப்ப எப்படி இருந்ததோ அப்படியே."

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "சூப்பு ஆறியிருக்கும், சுட வெச்சுக் குடிங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அதே சின்னப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, தன் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிற மேசையைச் சுற்றி நடந்தாள். விளிம்பில் பழம், மார்பிள், பச்சை, கதவு, பிளைவுட், அவர் மீசையின் ஒரு கீற்று எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தன. "இவ்வளவும் போட்டீங்களா" என்றாள். "எல்லாம் மலிவுதான்" என்றார். தெருமுனைத் தச்சர் மேசைக் கால்களை அறுத்துத் தருவதாகச் சொன்னதற்கு அவள் ஒப்பவில்லை. மூடிவிட்ட ஜூஸ் கடையிலிருந்து உயரமான இரண்டு ஸ்டூல்களைக் கொண்டுவந்து போட்டாள். மேசை அதற்குப் பிறகு வளரவில்லை. அவள் பக்கம் மேலும் குழியவும் இல்லை.

இப்போது இருவரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அவள் நிதானமாக மென்று சாப்பிடுவாள். கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் குடிப்பாள். டீவி ரிப்பேராகி வந்து சுவரோரம் இருக்கிறது. போன் அடித்தால் அடித்துவிட்டு நிற்கும். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை தலைவர் மரியாதைக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று சங்கத்தில் நினைக்கிறார்கள். ஸ்டூலிலிருந்து அவருக்குக் கால் தரைக்கு எட்டாது; அவள் கை கழுவிவிட்டு வந்து பிடித்தால்தான் இறங்க முடியும்.