சிங்கராஜவுக்கு மட்டும்

சிங்கராஜக் காட்டுக்குப் போகப் போவதாக லெய்லா சொன்னபோது, அவளுடைய தம்பி நளீம் சந்தோஷத்தில் இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். அவனுக்குப் பயணம் என்றால் உயிர். கற்பிட்டியில் படகு இயந்திரம் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கடை வாசலில் நிற்கும் பெரிய வான் வண்டியைச் சொந்தக்காரர்களால் நிரப்பி, பள்ளிக்கூட விடுமுறைக்கு எங்காவது ஓட்டிக்கொண்டு போகாவிட்டால் அவனுக்கு மனசு ஆறாது.

"நல்ல யோசனை ராத்தா," என்றான். "ஆகஸ்ட் லீவுக்குப் போவம். போற வழியில ரத்தினபுரி, அங்கால பலாங்கொட, அப்டியே ஏறினா நுவரெலியா. திரும்பி வரக்குள்ள கண்டி."

"சிங்கராஜவுக்கு மட்டும்," என்றாள் லெய்லா.

"அவ்வளவு தூரம் போய் ஒரே இடத்தில குந்திக்கிட்டு இரிக்கிறதா?"

"ஓம். அதுக்குத்தான் போறன்."

நளீமின் காதில் அது ஏறவில்லை. பின்னேரத்துக்குள் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிட்டான். மதுரங்குளி மாமி வீட்டார் தாங்களும் வருவதாக எழுதினார்கள். பிரியாணித் தாச்சியை யார் கொண்டுவருவது என்று ஒருவர் கேட்டார். புதிதாக வாங்கிய பெரிய ஸ்பீக்கர் தன்னிடம் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். லெய்லா எல்லாவற்றையும் வாசித்தாள். பிறகு எழுதினாள்: "இது என்ட பயணம். நான் தனியாப் போறன். நீங்க எல்லாரும் நுவரெலியாவுக்குச் சந்தோஷமாப் போயிட்டு வாங்க." அதன்பிறகு குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

லெய்லாவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் வந்த போலியோ வலது காலை மெலிய வைத்துவிட்டுப் போயிருந்தது. ஊன்றுகோலோடு நடப்பாள். கல்யாணம் செய்யவில்லை, தம்பி வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பித்துவந்தாள். குடும்பப் பயணங்களில் அவள் பார்த்ததெல்லாம் வான் நிறுத்துமிடங்கள்தான். "இந்தா வந்துடுறம் ராத்தா" என்று இறங்கிப் போவார்கள். அவர்கள் கழற்றிவிட்டுப் போன செருப்புகளோடும் பைகளோடும் அவள் காத்திருப்பாள். ஒருமுறை சீகிரியாவில் நளீம் அவளை விடாப்பிடியாக முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். வழியில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். சிலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பயணம் வந்தாலும் அவளுக்குத் திருத்தப் பரீட்சைத் தாள் இருந்தது.

சிங்கராஜ அவள் மனதில் விழுந்தது வகுப்பறையில். பாடத்தில் மழைக்காட்டைப் பற்றி ஒரு பகுதி வந்தது. ஈர மரங்களில் பாசி படர்ந்திருக்கும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். கடலோரக் களப்புத் தண்ணீரில் மிதக்கும் பாசியைத் தவிர வேறு பாசி தெரியாத பிள்ளை ஒன்று எழும்பி, "மரத்தில எப்டி டீச்சர் பாசி வரும்? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டது. பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊரின் உப்பு மணலைத் தவிர வேறெதிலும் தன் கால் பட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

குழு அமைதியான மறுநாள் நளீம் அவளுடைய அறை வாசலில் வந்து நின்றான்.

"கோவமா ராத்தா?"

"கோவம் இல்ல."

"காட்டுக்குள்ள நடக்கணுமே..." அவன் அவளுடைய காலைப் பார்த்துவிட்டு உடனே சுவரைப் பார்த்தான். "ஏலாட்டி நான் தூக்குறன். சீகிரியாவில தூக்கினதான?"

"அதோட போதும். நான் அரிசி மூடை இல்ல, நளீம்."

"விழுந்து கிழுந்து போனா?"

"விழுந்தா எழும்புவன்."

அவன் கடைக்குப் போனான். விடுமுறைக்கு வான் கிடைக்காது, வேறு ஆட்களுக்கு வாடகைக்குப் பேசிவிட்டேன் என்று மாலையில் மனைவி ஃபஸ்னாவிடம் சொல்லி அனுப்பினான்.

லெய்லா அசரவில்லை. காட்டின் குடாவ வாசலுக்குப் பக்கத்தில் குசுமா என்ற பெண் வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறாள் என்று போனில் தேடிக் கண்டுபிடித்துப் பேசினாள். பாதை ஏற்றமா, வழுக்குமா, கோல் ஊன்றி நடக்கிற ஒருத்தி எதுவரை போகலாம், குளியலறையில் உட்கார்ந்து குளிக்கக் கதிரை வைக்க இடம் இருக்கிறதா என்று வரிசையாகச் சிங்களத்தில் கேட்டாள்.

"வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் எவ்வளவு பார்க்கலாம் என்றுதான் கேட்பார்கள்," என்றாள் குசுமா. "நீங்கள் என்ன பார்க்க வேண்டும்?"

"கொஞ்சம் பார்த்தால் போதும். அவசரப்படாமல் பார்க்க வேண்டும்."

இரண்டு நாள் கழித்து குசுமா காட்டுப் பாதையில் மெதுவாக நடந்து எடுத்த வீடியோ வந்தது. வாசல்வரை ஜீப் ஏறும். அதற்கப்பால், முன்னொரு காலத்தில் மரம் ஏற்றிய லொறிகள் ஓடிய அகலமான பாதை, பெரிய ஏற்றம் இல்லாமல் வளைந்து போனது. ஓரிடத்தில் மட்டும் கல் பெயர்ந்து மேடும் பள்ளமுமாக இருந்தது. லெய்லா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

கற்பிட்டியில் ஏறிப் பழக மேடு ஏது? நளீமின் வீட்டில் கட்டி முடியாத மேல்மாடி இருந்தது. கைப்பிடி இல்லாத கொங்கிரீட் படி அதற்கு ஏறியது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுத பிறகு லெய்லா அதில் ஏறி இறங்கத் தொடங்கினாள். முதலில் பாதிவரை. பிறகு முழுக்க. மேலே போனால் கூரை இல்லாத தளத்தில் நின்று களப்பைப் பார்த்து மூச்சு வாங்குவாள். கடல் பக்கமிருந்து வரும் பருவக் காற்று முக்காட்டைப் பிடுங்கும்.

ஒரு பின்னேரம் இறங்கும்போது கோல் நழுவியது. முழங்கை தோல் உரிந்து, நெற்றி புடைத்தது. ஃபஸ்னா ஓடி வந்து தூக்கினாள். நளீம் கடையிலிருந்து வந்து கையைப் பார்த்தான், முகம் வெளுத்துப்போயிற்று.

"இதுக்குத்தான் சொன்னன். வீட்டுப் படியிலயே இப்டி எண்டா, காட்டில ஆர் பாக்குறது?"

"காட்டில விழக்கூடாதெண்டுதான் இங்க விழுந்து பழகுறன்," என்றாள் லெய்லா. வலியில் குரல் நடுங்கியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அதையே இன்னொரு தடவை நேராகச் சொன்னாள்.

மறுநாள் பாடசாலையிலிருந்து வந்தபோது படியின் ஓரத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி பொருத்தப்பட்டிருந்தது. நளீம் கையில் கரி பூசிக்கொண்டு பக்கத்தில் நின்றான். லெய்லா கைப்பிடியைத் தொடாமல், கோலை மட்டும் ஊன்றி மேலே ஏறினாள்.

"அதைப் புடிங்களேன்," என்றான் நளீம்.

"காட்டில இது இரிக்காது தம்பி. ஏலாம வந்தா புடிக்கிறன்."

அவன் கீழேயே நின்று, அவள் ஏறி இறங்கும் வரை பார்த்தான். அவள் கடைசிப் படியில் கால் வைத்தபோது, "எதில போறீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"றிம்ஸான்ட கார்ல."

றிம்ஸான், கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி இறக்குகிறவன்; நிதானமாக ஓட்டுவான். நளீம் தலையாட்டினான். பொம்பிளை தனியாகப் போவதா என்று அடுத்துக் கேட்கப் போகிறான் என்பது லெய்லாவுக்குத் தெரியும். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். ஆனால் பின்னால் நின்ற ஃபஸ்னா முந்திக்கொண்டாள்.

"நானும் மதினியோட போறன்."

நளீம் திரும்பினான். "நீயா? பிள்ளையளை ஆர் பாக்குறது?"

"நீங்க பாருங்க," என்றாள் ஃபஸ்னா. அவள் குரலில் கோபமே இல்லை. "கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து எல்லா ட்ரிப்பும் வந்தன். நுவரெலியாவில என்ன பாத்தன் எண்டு கேளுங்க. அடுப்பும் தாச்சியும்தான். இந்த முறை ஆரோ சமைச்சதை இருந்து சாப்பிடப் போறன்."

லெய்லா அவளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வானுக்குள் இருந்த தன்னைப் பற்றி மட்டுமே இவ்வளவு காலம் யோசித்திருக்கிறாள். வானுக்கு வெளியே புகைக்குள் நின்றவளை ஒருநாளும் யோசிக்கவில்லை.

"ஒரே இடம்தான் புள்ள. ஷொப்பிங் ஒண்டும் இல்ல."

"தெரியும் மதினி. எனக்கு நித்திரை கொள்ள இடமிருந்தாப் போதும்."

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். குசுமாவுக்கென்று நல்ல கட்டாக் கருவாடு கட்டிக் கொண்டுபோனார்கள். நளீம் காரின் டயர்களைத் தானே சுற்றிப் பார்த்து, றிம்ஸானிடம் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கார் நகரும்போது ராத்தாவின் பக்கத்து யன்னலில் கையை வைத்து, "ஏலாட்டித் திரும்பிடுங்க. அது வெக்கம் இல்ல," என்றான்.

"ஓம்," என்றாள் லெய்லா. அது நியாயமான பேச்சு என்று அவளுக்குப் பட்டது.

போய்ச் சேர்ந்த அன்று மழை. விடாத மழை. வேறு பயணமாக இருந்தால் எல்லாரும் வானத்தைத் திட்டியிருப்பார்கள். இவர்களுக்கோ போக வேண்டிய அடுத்த இடம் என்று ஒன்று இல்லை. ஃபஸ்னா குசுமா சமைத்த பலாக்காய்க் கறியைச் சாப்பிட்டுவிட்டு, போர்வைக்குள் நுழைந்து அடுத்த தொழுகை வரை தூங்கினாள். லெய்லா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, முற்றத்து மரத்தைப் பார்த்தபடி இருந்தாள். அடியிலிருந்து கிளைவரை பச்சைக் கம்பளிபோல ஏதோ அதில் ஒட்டியிருந்தது. எழும்பிப் போய் அதில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தண்ணீர் கசிந்து மணிக்கட்டில் ஓடியது.

அடுத்த நாள் காலை மழை விட்டது. ஜீப் அவர்களை வாசலில் இறக்கியது. வழிகாட்டியாக வந்தவர் லெய்லாவின் கோலைப் பார்த்தார். தன் நடையை அவளுடைய நடைக்கு இறக்கிக்கொண்டார். கல் பெயர்ந்த இடம் வந்தது. ஃபஸ்னா கையை நீட்டினாள். லெய்லா தலையசைத்து, கோலை ஊன்றி இடம் பார்த்து, மெலிந்த காலை இழுத்து வைத்து, வியர்த்து விறுவிறுத்து அதைக் கடந்தாள். அப்பால் போய்த் திரும்பிப் பார்த்தபோது, வீடியோவில் இருந்ததைவிட அது சின்னதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் பறவைகள் வந்தன. முதலில் பழுப்பு நிறத்தில் ஒரு கூட்டம் கலகலவென்று இலைகளைக் கிளறிக்கொண்டு போனது. அதன் பின்னால் செம்பழுப்புத் தலையும் சிவந்த அலகும் நீண்ட வாலுமாக நீலப் பறவை ஒன்று பாதையோரக் கிளையில் இறங்கியது. மூவரும் அசையவில்லை. அது தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்து, அலுத்துப்போய்ப் பறந்தது.

ஃபஸ்னா குனிந்து லெய்லாவின் காலைக் காட்டினாள். இரண்டு காலிலும் அட்டை ஏறியிருந்தது.

"பாருங்க மதினி, போலியோக் காலையும் விடல்ல."

"அதிலயும் ரெத்தம் இரிக்குதெண்டு அட்டைக்காவது தெரியுதே," என்றாள் லெய்லா. இருவரும் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

பாதை ஓரிடத்தில் பிரிந்தது. சின்ன ஒற்றையடித் தடம் ஒன்று வேர்களுக்கிடையே கீழே இறங்கியது. அடியில் ஓடை ஓடும் சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை. மழையில் வழுக்கும், இன்று வேண்டாம் என்றார் வழிகாட்டி. லெய்லா தடத்தின் தொடக்கத்தில் நின்று, எந்த வேரில் கால் வைக்கலாம், எங்கே கோல் நிற்கும், எங்கே உட்கார்ந்து நகர வேண்டும் என்று நிதானமாகப் பார்த்தாள். கால் வலித்தது. இனி முடியாது என்று காலே சொன்னது.

"இன்றைக்கு இது போதும்," என்றாள் சிங்களத்தில். "நாளைக்கு வெயில் அடித்தால் தடம் காயுமா?"

"கொஞ்சம் காயும்."

"அப்ப நாளைக்கு இறங்குவோம். மெதுவாக."

வழிகாட்டி ஓடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்றார்.