கூடுதல் விவரம்

சூலூர் நூற்பாலை அலுவலகத்தில், தான் மாதக்கணக்கில் எழுதிய மென்பொருளைத் திறந்து காட்டும்போது கிருபாவுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தொழிலாளர் பதிவில் மில்லுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று புதிதாக வேண்டியிருக்கும். ஒரு தடவை தடுப்பூசித் தேதி, இன்னொரு தடவை ஹாஸ்டல் அறை எண். ஒவ்வொன்றுக்கும் அவள் துடியலூரிலிருந்து பஸ் மாறி வந்து டேட்டாபேஸ் டேபிளில் ஒரு கட்டம் சேர்ப்பாள். சேர்த்ததும் பழைய ரிப்போர்ட் ஏதாவது ஓடாமல் நின்றுவிடும். அதனால் இந்தத் தடவை விவரங்களின் பெயர்களை ஒரு டேபிளிலும், ஆளாளுக்கான விடைகளை இன்னொன்றிலும் பிரித்து வைத்திருந்தாள். இனி எது வேண்டுமானாலும் அவர்களே சேர்த்துக்கொள்ளலாம்.

"நீங்களே ஒண்ணு சேத்திப் பாருங்க," என்றாள் மேனேஜர் வேங்கடசாமியிடம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார்: சாதி. பக்கத்தில் 'கட்டாயம்' என்ற பெட்டியில் ஒரு டிக். புது விவரம் சட்டென்று ஏறிக்கொண்டது.

"இது எதுக்குங்க?"

"ஹாஸ்டல்ல ரூம் பிரிக்கோணுமுல்லங்க அம்மணி. கலந்து போட்டா சண்டை வந்துபோடுது. இத்தன நாளு வாயிலயே கேட்டுட்டு இருந்தோமுங்க."

கிருபா கூட வந்திருந்த தன் முதலாளி ரவிக்குமாரைப் பார்த்தாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாங்க, ஒரு வரி புரோகிராம்கூட எழுதலீங்க!"

"சார், இது வேண்டாம்னு சொல்லலாமுங்க," என்றாள் தாழ்ந்த குரலில்.

"அவுங்க மில்லு, அவுங்க டேட்டா. நமக்கென்ன கிருபா."

எந்த விவரத்தையும் மறுக்காத அமைப்பு என்று ஆபீஸ் போர்டில் வரைந்து விளக்கியவள் அவள்தான். எதற்கு இந்த விவரம் என்று கேட்கும் ஒரு வரியை அதில் எங்கே வைத்திருக்கலாம் என்று இப்போது தேடினாள். இடம் பிடிபடவில்லை.

"மாதிரிக்கு உங்களையே ஏத்திப் பாருங்களே," வேங்கடசாமி கீபோர்டை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

கிருபா. அப்பா பெயர் பிரான்சிஸ். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளில் கூலிக்குப் போன அப்பாவை, தோப்புக்காரர்கள் ஒருநாளும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊர் என்ற இடத்தில் பொள்ளாச்சி என்று மட்டும் அடித்தாள்.

"பிரான்சிஸுங்களா," என்றார் வேங்கடசாமி. குரலில் மரியாதை இம்மியும் குறையவில்லை. "அதனாலென்னங்க. முந்தி எந்த ஆளுங்க?"

கிருபா சாதி என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினாள். சிவப்பில் ஒரு வரி வந்தது, அவளே எழுதிய வரி: இந்த விவரம் இன்றிப் பதிவு செய்ய இயலாது.

மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த இடத்தை நிரப்பாமலே மறுபடி அழுத்தினாள்.